கோடு போடாத தையல்

அந்தத் தெருவுக்கே அவள் கோடக்கா. இருபது வருஷமாகத் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அவள் போட்ட கோடு ஒரு நூல் அளவுகூடக் கோணியதில்லை. பள்ளிச் சீருடையோ, ஜன்னல் திரையோ, தலையணை உறையோ, முதலில் துணியை மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒரு நீவு நீவுவாள். அப்புறம்தான் கோடு, அதற்கும் அப்புறம்தான் கத்தரி. "கோடு நேரா இருந்தா தையல் நேரா இருக்கும். தையல் நேரா இருந்தா நாம வாயத் திறந்து பேசவே வேண்டியதில்ல" என்பாள். அதற்காக வாயைத் திறக்காமல் இருப்பாளா என்றால், அதுதான் இல்லை.

கோடு போடுவதற்கென்று ஒரு தகர டப்பா வைத்திருந்தாள். வீட்டில் தேய்ந்துபோன குளியல் சோப்புச் சில்லெல்லாம் அதற்குள்தான் போகும். மெல்லிய சோப்புச் சில்லு துணியில் மயிரிழைபோலக் கோடு விழ வைக்கும், ஒரு துவையலில் மாயமாய்ப் போய்விடும். "பாதி தேயறதுக்குள்ள சோப்பு காணாமப் போற வீடு உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்று அவள் புருஷன் குளியலறையிலிருந்து கத்துவார். அவர் மீன் வளர்ப்பவர். கடலோடு சேரும் கழியில் பத்துக் கூண்டுகள் போட்டு மீன் வளர்க்கிறார். கப்பல் வேலையை உதறிவிட்டு இதில் இறங்கி இரண்டு வருஷம் ஆகிறது. மீன் இப்போதுதான் முழங்கை நீளம் வந்திருந்தது, அடுத்த மாதம் முதல் தடவையாக அள்ளப் போகிறார்.

அவருடைய தங்கை, அதாவது கோடக்காவின் நாத்தனார், கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். டாக்டர் பட்டம் வாங்கியவள். அது தெரியாமல் தெருவில் இருமல் வந்தவனெல்லாம் அவளிடம் நாக்கை நீட்ட, "நான் இலைக்குத்தாங்க டாக்டர்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் இலை டாக்டர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆறு வருஷமாக அவள் கட்டிக்கொண்டு அழுவது ஒரு களையை. குளத்தில் மிதந்து, குளத்தையே மூடி மூச்சுத் திணற வைக்கும் சனியன் பிடித்த களை. எல்லோரும் அதைப் பிடுங்கி எறிகிறார்கள், இவள் அதைக் காயவைத்து மூட்டை கட்டி அண்ணன் வீட்டுப் பின்னறையில் அடுக்குகிறாள். "இந்தக் குப்பையை என்னிக்குத் தூக்கி எறியப் போற?" என்று மீன்காரர் வாரம் ஒரு முறையாவது கேட்பார். அவள் பதிலுக்கு இன்னொரு மூட்டையை அடுக்குவாள்.

ஒரு நாள் அண்ணிக்கு மட்டும் காரணத்தைச் சொன்னாள். சமையலறைக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, ஒரு கொத்துக் களையை உள்ளே அழுத்தி எடுத்தாள். இலை பொட்டுத் தண்ணீர் படாமல் வெளியே வந்தது. பிறகு தண்ணீரில் நாலு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டு, இலையை அதன்மேல் வைத்தாள். எண்ணெய் இலைக்குள் போய்விட்டது, தண்ணீர் தெளிந்துவிட்டது.

"தாமரை இலைத் தண்ணி மாதிரின்னு சொல்லுவோம்ல, இது அதுக்கும் ஒரு படி மேல அண்ணி. இலை மேல பொடிப்பொடியா மயிர் இருக்கு. அது தண்ணிய ஒட்ட விடாது. ஆனா எண்ணெயப் பார்த்தா விடவே விடாது."

"உங்க அண்ணன் மாதிரின்னு சொல்லு. நல்ல பேச்சு எதுவும் ஒட்டாது, எண்ணெய்ப் பலகாரம்னா விடாது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இலை டாக்டர் பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தாள். அந்த இலையைப் பார்த்து அவளே ஆய்வகத்தில் செய்த துணி. மேலே இலையில் இருப்பதுபோல நுண்ணிய மயிர், அதன்மேல் மெழுகுப் பூச்சு. கப்பல் எண்ணெய் கடலில் கொட்டினால் அள்ளுவதற்கு. ஆறு வருஷத்தில் தேறியது இந்த ஒரே சுருள்தான். இதை நீளத் திண்டுகளாகத் தைத்து, உள்ளே இதே துணியின் வெட்டுத் துண்டுகளை அடைத்துத் தர வேண்டும், அடுத்த மாதம் துறைமுகத்தில் சோதனை என்றாள்.

கோடக்கா நாற்பது திண்டுகள் தைத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் சரியாக ஒரு மீட்டர். தன் வாழ்நாளில் இவ்வளவு அக்கறையாகக் கோடு போட்டதில்லை. நான்கு பக்கமும் கோடு, மடிக்கிற இடத்தில் நடுவே ஒரு கோடு. கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைக்கும் காஜாக்காரி, "எண்ணெயில ஊறப்போற துணிக்கா இத்தனை அலங்காரம்?" என்று கேட்டாள். "வேலைன்னா வேலை" என்றாள் கோடக்கா.

அடுத்த மாதம்வரை யார் காத்திருக்கவிட்டார்கள்? கப்பல் பழுது பார்க்கும் துறையில் ஒரு பழைய கப்பலின் அடிவயிறு கிழிந்து எண்ணெய் கொட்டியது. துறைமுகத்தார் தங்களிடம் இருந்த தடுப்பு மிதவைகளையெல்லாம் துறையைச் சுற்றிப் போட்டார்கள். இரண்டாவது நாள் காலை அதையும் மீறிக்கொண்டு கறுப்பாக ஒரு விரிப்பு வெளியே வந்து, கழியின் வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடல் ஏறும். ஏறும் தண்ணீர் கழிக்குள்தான் வரும், எண்ணெயும் கூடவே வரும். கூண்டுக்குள் இருக்கும் மீன் எங்கே ஓடும்? கூண்டுகளைக் கழற்றி இழுத்துப் போகவே மூன்று நாள் வேண்டும். புதிய மிதவைகள் நாளை மதியம் வந்து சேரும் என்றார் துறைமுக அதிகாரி.

"நாளைக்கு வந்து என்ன சார் பண்ண? கருமாதி பண்ணவா?" என்றார் மீன்காரர். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கிட்ட இருக்கு சார், நாப்பது திண்டு" என்றாள் இலை டாக்டர். "கழி வாயும் நாப்பது மீட்டர்தான்."

அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் கழியின் குறுக்கே கயிறு கட்டினால் படகுப் போக்குவரத்து நிற்கும், அதற்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். "முதல்ல என் கண்ணு முன்னால ஒண்ணு வேலை செய்யட்டும்மா" என்றார். துறைமுக முற்றத்தில் ஒரு பீப்பாயில் கடல் தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு வாளிக் கறுப்பு எண்ணெய் ஊற்றினார்கள். இலை டாக்டர் முதல் திண்டை மெதுவாக வைத்தாள்.

திண்டு ஐந்து நிமிஷம் நன்றாக மிதந்தது. அப்புறம் ஒரு முனை தாழ்ந்தது. அப்புறம் மறுமுனை. பத்து நிமிஷத்தில் திண்டு முழுக்கத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பீப்பாயின் அடியில் போய் உட்கார்ந்தது, எண்ணெய் மேலே அப்படியே பளபளத்தது. இரண்டாவது திண்டும் அதே கதி.

"ஊசி போன ஓட்டை வழியாத் தண்ணி போகுதும்மா" என்றார் அதிகாரி, வருத்தமாகத்தான். "ஆய்வகத்துல துண்டுத் துணியா வச்சுப் பார்க்கறது வேற, தச்சுக் கடல்ல போடறது வேற."

இலை டாக்டர் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. "என் பூச்சுதான் சரியில்ல. என் தப்புதான்" என்று மட்டும் சொன்னாள், ஆறு வருஷத்தையும் ஒரே மூச்சில் கழுவி ஊற்றியவள்போல. அவள் அண்ணன் அவள் தோளில் கை வைத்துவிட்டுக் கழியைப் பார்த்து நடந்தார்.

கூட வந்திருந்த கோடக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பீப்பாய்க்குள் முழங்கைவரை கையை விட்டு, ஊறிய திண்டை எடுத்தாள். தையலைப் பிரித்து, துணியைத் தரையில் விரித்தாள். துணியின் நடுப்பரப்பில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஓரம் நான்கிலும் மட்டும் துணி நனைந்து ஊறிக் கிடந்தது. சரி, அங்கே ஊசி போயிருக்கிறது, அதிகாரி சொன்னது நியாயம்தான் என்று நினைத்தவள், அடுத்த விநாடி நெஞ்சில் கை வைத்தாள்.

நடுவிலும் ஒரு கோடு நனைந்திருந்தது. மடிப்புக் கோடு. அங்கே ஊசியே போகவில்லை. மயிரிழைபோல, ஒரு நூல் அளவுகூடக் கோணாமல், நேராக நனைந்திருந்தது. அவ்வளவு நேராகக் கோடு போடக்கூடியவள் அந்த ஊரில் ஒருத்திதான்.

அடிப்பாவி, சோப்பு. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத்தானே கழுவுகிறோம். எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் தரகன் அல்லவா அது? தண்ணீரே ஒட்டக் கூடாது என்று ஆறு வருஷம் பாடுபட்டுச் செய்த துணியில், தண்ணீர் உள்ளே வரப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறாள், அதுவும் அளவெடுத்து. அவளுக்குக் காது சூடானது. சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு நினைப்பும் வந்தது, பொய் சொல்வானேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் தப்பைத் துணியின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன அவளால் முடியாது.

"சார், போகாதீங்க" என்றாள். "துணி மேல தப்பு இல்ல. இவ மேலயும் இல்ல. நான் சோப்புல கோடு போட்டேன். எங்கெல்லாம் கோடோ அங்கெல்லாம் தண்ணி போயிருக்கு. இங்க பாருங்க, இந்த நடுக்கோட்டுல ஒரு தையலாவது இருக்கா?"

அதிகாரி குனிந்து பார்த்தார். இலை டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் கோட்டை விரலால் தடவினாள்.

"சோப்பா?" என்றாள். "அண்ணி, நிஜமாவா? சோப்பா?"

"திட்டணும்னா சாயங்காலம் திட்டு. இப்ப ஒரு கத்தரி வாங்கிக் குடு."

முதலில் குழாயடியில் போய் வெறும் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இருபது வருஷச் சோப்பு அவள் விரலில்தான் இருந்தது. அப்புறம் ஒரு காய்ந்த திண்டை எடுத்துப் பிரித்து, ஓரம் நான்கிலும், மடிப்பிலும் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உள்ளே தள்ளி வெட்டி எறிந்தாள். துணி இரண்டு பட்டைகளாக வந்தது. முந்தானையில் எப்போதும் நூலோடு குத்தி வைத்திருக்கும் ஊசியை உருவி, நின்ற நிலையிலேயே கையால் தைத்தாள். தையல் தாறுமாறாகப் போனது. அவள் கண்ணுக்கே அது கூசியது.

அந்தக் கோணல் திண்டைப் பீப்பாயில் போட்டார்கள். ஐந்து நிமிஷம் மிதந்தது. பத்து நிமிஷம் மிதந்தது. வெள்ளைத் துணி மெல்லத் தேன் நிறமாகி, பழுப்பாகி, கறுத்தது, ஆனால் தாழவில்லை. கால் மணி நேரத்தில் பீப்பாயின் ஒரு பக்கத்தில் அடித்தண்ணீர் தெரிந்தது. அதிகாரி ஊசி ஓட்டைகளை ஒரு தடவை உற்றுப் பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"மணி பத்தரை. நாலரைக்குள்ள முடியுமா?"

"நீங்க கையெழுத்தப் போடுங்க" என்றாள் கோடக்கா.

கடையில் இரண்டு இயந்திரம். ஒன்றில் கோடக்கா, ஒன்றில் காஜாக்காரி. முதல் வேலையாகத் தகர டப்பாவை வெளியே கொண்டு வைத்தார்கள், மேசையைத் தண்ணீர் விட்டு மூன்று முறை துடைத்தார்கள். இலை டாக்டர் தரையில் உட்கார்ந்து, கோட்டு ஓரத்தையெல்லாம் கத்தரித்துத் தள்ளினாள். நுண்ணோக்கிக்குப் பழகிய கை கத்தரிக்குப் பழகியிருக்குமா? அவள் வெட்டிய ஓரம் அலை அலையாக இருந்தது.

"கொஞ்சம் நேரா வெட்டேன்டி."

"கோடு இல்லாம எப்படி அண்ணி நேரா வரும்?"

"சாக்பீஸ்ல போட்டுக்கட்டுமா?"

"எதுவும் வேணாம். இன்னிக்கு நான் தண்ணியத் தவிர எதையும் நம்ப மாட்டேன்."

காஜாக்காரி கவலையே படாமல் ஓட்டினாள். கோடக்காவுக்குத்தான் கை வரவில்லை. கோடு இல்லாத துணி அவளுக்குப் பாதை இல்லாத காடு. ஊசி எங்கே போவது என்று கேட்டு நிற்பதுபோல இருந்தது. முதல் திண்டில் தையல் குடித்தவன் நடையாகப் போனது, பிரித்தாள். மறுபடி தைத்தாள், மறுபடி பிரிக்கப் போனாள். காஜாக்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, மீனு வந்து தையல் நேரா இருக்கான்னு பார்க்கப் போகுதா? ஓட்டு!"

இருபது வருஷத்தில் அவள் இப்படிக் குரல் உயர்த்தியதில்லை. கோடக்காவுக்குக் கோபம் வந்தது, அடுத்து அழுகை வந்தது, இரண்டையும் விழுங்கிவிட்டு மிதியில் காலை வைத்தாள். கூண்டுக்குள் வலையில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும் மீன்களை நினைத்தாள். காலையில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்து போன மனுஷனை நினைத்தாள். தையல் வளைந்தது, நெளிந்தது, ஆனால் பிரியாத தையலாக ஓடியது. அதற்கப்புறம் அவள் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. மதியச் சாப்பாடு மூடி திறக்காமலே ஆறிப்போனது. பீப்பாயில் ஊறிய இரண்டையும்கூட உலர்த்தி, வெட்டி, தைத்தார்கள். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு நாற்பதாவது திண்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கழிக்கரையில் மீன்காரர் கயிறோடு காத்திருந்தார். இந்தக் கரையிலிருந்து ஒவ்வொரு திண்டாகக் கட்டிக்கொண்டே படகில் போனார். இலை டாக்டர் எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பதும் முடிந்தது, எதிர்க்கரை இன்னும் எட்டவில்லை.

கணக்கு யாருக்குமே தோன்றவில்லை, பாருங்கள். ஒவ்வொரு திண்டிலும் இந்த முனையில் இரண்டு விரல், அந்த முனையில் இரண்டு விரல் வெட்டினால், நாற்பது திண்டுக்கு எவ்வளவு ஆகும்? மூன்று மீட்டர். வாசல் முழுக்கப் பூட்டிவிட்டுக் கதவை மட்டும் திறந்து வைத்தாற்போல அந்த மூன்று மீட்டர் நின்றது. துணியோ ஒரு முழம்கூட மிச்சமில்லை. தூரத்தில் கறுப்பு விரிப்பு நகரத் தொடங்கியிருந்தது.

"தூரத் தூர வச்சுக் கட்டலாமா?" என்றார் மீன்காரர்.

"ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் உள்ள வந்துரும் அண்ணா" என்றாள் இலை டாக்டர். அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

கோடக்கா எதிர்க்கரையைப் பார்க்கவில்லை. நாத்தனாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் துணிய எதைப் பார்த்துடி செஞ்ச?"

"என்ன அண்ணி இப்பப் போய்..."

"எதைப் பார்த்துச் செஞ்ச?"

"களையை."

"அந்த மகராசி மூட்டை மூட்டையா நம்ம பின்னறையிலதான உட்கார்ந்திருக்கா? காஞ்சு போனாலும் எண்ணெயப் பிடிக்குமா?"

இலை டாக்டர் அண்ணியின் முகத்தை ஒரு விநாடி பார்த்தாள். "பிடிக்கும்" என்றாள். சொல்லும்போதே ஓடத் தொடங்கியிருந்தாள்.

வீடு இரண்டு தெரு தள்ளி. அதிகாரியே தன் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போய், இரண்டு மூட்டைகளோடு திரும்பினார். அவர் சட்டையெல்லாம் களைத்தூள். மீன்குஞ்சுக்குப் போடும் பொடிக்கண் வலை ஒன்று கரையில் கிடந்தது. காஜாக்காரி அதை மூன்று மீட்டர் பையாக மடித்துப் பிடிக்க, இலை டாக்டர் களையை அடைக்க, கோடக்கா சணல் நூலால் வாயைத் தைத்தாள். கோணலா, நேரா என்று அவள் பார்க்கவே இல்லை. மீன்காரர் அதை மார்பளவுத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போய் எதிர்க்கரைக் கம்பத்தில் கட்டும்போது, கறுப்பு அவர் கைக்கு இரண்டு அடி தூரத்தில் இருந்தது.

கட்டிவிட்டு அவர் ஏறி வரவில்லை. முடிச்சை நம்பாமல் வலைப்பையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்பக்கத்திலேயே நின்றார். எண்ணெய் வந்தது. திண்டுகளின்மேல் அலையடித்து நின்று, இடம் தேடி ஓரமாக நகர்ந்து, களைப்பையில் வந்து முட்டியது. திண்டுகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகி, கறுத்து, கனத்தன, ஆனால் ஒன்றுகூடத் தாழவில்லை. களைப்பை எல்லாவற்றையும்விடச் சீக்கிரமாகக் கறுத்தது. மீன்காரரின் முதுகுப் பக்கத் தண்ணீர் மட்டும் காலையில் இருந்த நிறத்திலேயே இருந்தது.

காத்துக் காத்து, கடைசியில் கடல் இறங்கத் தொடங்கியது. மிச்சக் கறுப்பும் அதோடு பின்வாங்கியது. அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நாளை மதியம்வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும். படகுக்காரங்க கேட்டா நான் பேசிக்கறேன்" என்றார். பிறகு ஒரு திண்டைச் சுட்டிக் காட்டி, "தையல் ஏம்மா இப்படி?" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கோடு போடலைங்க" என்றாள் கோடக்கா.

இலை டாக்டர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். எழுதாமல் பேனாவை உருட்டினாள். "கோட்டு விஷயத்த எப்படி எழுதறதுன்னு தெரியல அண்ணி."

"நான் போட்டேன்னு எழுது. நாளைக்கு இன்னொரு தையல்காரி போடாம இருக்கணுமில்ல?"

மீன்காரர் கரையேறினார். உடம்பு வெடவெடத்தது. துண்டைக்கூட வாங்காமல் நேராகக் கரையை ஒட்டிய முதல் கூண்டுக்குப் போய், மூடியைத் தூக்கி, கிண்ணத்திலிருந்து ஒரு பிடித் தீனியை அள்ளி வீசினார். தீனி மிதந்தது. ஒரு மீனும் மேலே வரவில்லை. அவர் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. கோடக்கா பக்கத்தில் போய் நின்றாள், அவர் ஈர முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாய் திறந்து மூடியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கூண்டு முழுக்கத் தண்ணீர் கொதித்து எழுந்து, இரண்டு பேர் முகத்திலும் வாரி அடித்தது.

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. அப்படியே தங்கையின் பக்கம் திரும்பினார்.

"பின்னறையில அந்தக் குப்பை இன்னும் இருக்கா?"

"ஒரு மூட்டை இருக்குண்ணா."

"இருக்கட்டும்" என்றார். "யாரும் கை வைக்காதீங்க."